540 பேரா, 18 இடங்களா? பல நிலைப் பகுப்பாய்வு பற்றிய ஒரு கேள்விக்கு விரிவான பதில்

முதலில் உங்கள் கேள்வியை என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்கள், தாமான்களிலுமாக (வீடமைப்புப் பகுதிகள்) 18 இடங்களில், இடத்துக்கு 30 பேர் என்று இனிப்பு நீர் உள்ள 540 பேரிடம் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) அளந்திருக்கிறீர்கள். கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதாரக் கிளினிக்) தூரமாக இருக்கும் இடங்களில் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்று சாதாரண ரிக்ரஷன் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு) காட்டியது. பி மதிப்பு 0.01; அதாவது உண்மையில் தொடர்பே இல்லாவிட்டால் இவ்வளவு வலுவான முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு நூறில் ஒன்று. மேற்பார்வையாளர் பல நிலைப் பகுப்பாய்வு செய்யச் சொன்னார். செய்து பார்த்தால் பி 0.2 ஆகிவிட்டது. "பல நிலைப் பகுப்பாய்வு என்றால் என்ன?" என்று கேட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறு என்று எனக்குப் படுகிறது. இரண்டு முடிவுகளில் எதை நம்புவது? கையில் இருந்த கண்டுபிடிப்பு போய்விட்டதா?

நான் உயிர்ப்புள்ளியியல் படித்தவன். பொது சுகாதார ஆய்வுத் தரவுகளைப் பகுப்பாய்வு செய்வதுதான் பல ஆண்டுகளாக என் தொழில். தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்ததால் நீங்கள் அளந்திருக்கும் இடங்கள் எனக்குப் பழக்கமானவை. ஆனால் நான் மருத்துவன் அல்ல, உங்கள் தரவையும் பார்க்கவில்லை. கீழே உள்ளவற்றில் உறுதியாகச் சொல்வது எது, என் கணிப்பு எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு தோட்டத்தில் உள்ள 30 பேருக்கும் கிளினிக் ஒரே தூரம்தான். ஆகவே உங்கள் கோப்பில் 540 வரிசைகள் இருந்தாலும், தூரம் என்ற பத்தியில் உள்ளவை 18 எண்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் முப்பது முறை திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. சாதாரண ரிக்ரஷனுக்கு இது தெரியாது. 540 பேர் தனித்தனியாக வந்து தூரத்தைப் பற்றிச் சாட்சி சொன்னதாக அது எடுத்துக்கொள்ளும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே பானையிலிருந்து முப்பது சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தால் அந்தப் பானையைப் பற்றி நன்றாகத் தெரியும், மற்றப் பானைகளைப் பற்றி எதுவும் தெரியாது. தூரத்தைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பவை 18 பானைகள். அதனால் 0.01 என்ற எண் உங்கள் சான்றின் வலுவை மிகைப்படுத்துகிறது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

எவ்வளவு மிகைப்படுத்துகிறது என்பதையும் கணக்கிடலாம். ஓர் இடத்தில் வாழ்பவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருக்கும் அளவை ஒரே எண்ணாகச் சொல்வது ஐசிசி. எச்பிஏ1சியில் ஆளுக்கு ஆள் காணும் மொத்த மாறுபாட்டில் எத்தனை பங்கு இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசம் என்பதே அது. புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் பரப்பிய சூத்திரம் எளிமையானது: ஓர் இடத்து ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, ஐசிசியால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். ஐசிசி 0.05 என்று வைத்துக்கொண்டால் 29ஐ 0.05ஆல் பெருக்கி ஒன்று கூட்ட 2.45 வரும். 540ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 220. அதாவது உங்கள் 540 பேர், தொடர்பே இல்லாத 220 பேருக்குச் சமம். ஐசிசி 0.1 என்றால் அது 138 ஆகிவிடும். ஐந்து சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். அது செய்யும் வேலை சின்னதல்ல.

ஒரே இடத்தார் ஏன் ஒத்துப்போகிறார்கள் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே மளிகைக் கடையில் கடனுக்கு வாங்கும் அரிசி, ஒரே மண்டோருக்கு (மேற்பார்வைக் கங்காணி) கீழ் ஒரே நேரத்தில் தொடங்கி முடியும் வேலை, தோட்ட மருந்தகத்தில் ஒரே டிரஸர் தரும் அறிவுரை, சாலைக்கு வர ஒரே செம்மண் பாதை. இவற்றில் பலவற்றை நீங்கள் கேள்வித்தாளில் கேட்டிருக்க முடியாது. கேட்காத அந்தச் சங்கதிகளெல்லாம் சேர்ந்து ஓர் இடத்தின் சராசரியை மேலேயோ கீழேயோ தள்ளுகின்றன. பல நிலை மாதிரி செய்வது இந்தத் தள்ளுதலுக்கு ஓர் இடம் ஒதுக்குவதுதான். ஒவ்வொரு தோட்டத்துக்கும் தாமானுக்கும் தனி ஏற்ற இறக்கம் உண்டு என்று அனுமதித்து, அந்த ஏற்ற இறக்கங்கள் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பதை மதிப்பிட்டு, அதற்கு மேல்தான் தூரத்தின் விளைவைத் தேடுகிறது. ஆட்களுக்குள் உள்ள மாறுபாடு கீழ்நிலை, இடங்களுக்கிடையே உள்ள மாறுபாடு மேல்நிலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதால்தான் அந்தப் பெயர்.

கண்டுபிடிப்பு கைநழுவிப் போவது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்த முறை பரவுவதற்கு அதே மாதிரி ஒரு சம்பவமும் காரணம். 1976இல் இங்கிலாந்தில் நெவில் பென்னட், கட்டுப்பாடான மரபுமுறைக் கற்பித்தலில் மாணவர்கள் அதிகம் முன்னேறுகிறார்கள் என்று வெளியிட்ட ஆய்வு நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதில் மாணவர்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணியிருந்தார்கள். ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் என்பது கணக்கில் வரவில்லை. 1981இல் மர்ரே ஐட்கின் குழுவினர் வகுப்பையும் கணக்கில் எடுத்து மறுபடி பகுத்தபோது அந்த வேறுபாடுகள் பெரும்பாலும் புள்ளியியல் ரீதியில் பொருளற்றவையாகிவிட்டன. அந்த மறுபகுப்பாய்வுக் கட்டுரைகளில் ஒன்றில் பென்னட்டே கூட்டாசிரியர் என்பதை நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன். பின்னர் லண்டனில் ஹார்வி கோல்ட்ஸ்டைன், அமெரிக்காவில் பிரைக், ராவ்டன்புஷ் போன்றோர் கல்வித் தரவுகளில் இந்த முறையை வளர்த்தார்கள். அங்கிருந்து அது நோய்ப்பரவலியலுக்கு வந்தது.

இப்போது எச்சரிக்கையாகப் படிக்க வேண்டிய பகுதி. பி 0.2 என்றால் தூரத்துக்கு விளைவு இல்லை என்று நிரூபிக்கப்பட்டதாகப் பொருளில்லை. 18 இடங்களை வைத்து இதைத் தீர்மானிக்க முடியவில்லை என்றுதான் பொருள். உங்கள் தூரத்தின் கெழு (தூரம் கூடும்போது எச்பிஏ1சி எவ்வளவு மாறுகிறது என்ற எண்) இரண்டு மாதிரிகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்து, திட்டப் பிழை (அந்த எண்ணில் உள்ள நிச்சயமின்மை) மட்டும் பெருகியிருக்கும் என்று கணிக்கிறேன். இடத்துக்கு ஒரே எண்ணிக்கையில் ஆட்கள் இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான் வரும். பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஆய்வேட்டில் பி மதிப்பை முன்னால் வைக்காதீர்கள். பத்து கிலோமீட்டருக்கு எச்பிஏ1சி எவ்வளவு கூடுகிறது என்ற மதிப்பீட்டையும் அதன் நம்பக இடைவெளியையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) எழுதுங்கள். அந்த இடைவெளி ஒரு முனையில் பூஜ்யத்தைத் தாண்டி, மறுமுனையில் மருத்துவ ரீதியாகக் கவலைப்பட வேண்டிய அளவு வரை நீண்டால், "தூரம் பொருட்டில்லை" என்று யாரும் இதைக் காட்டிச் சொல்ல முடியாது. தோட்டத்துக்கு நடமாடும் கிளினிக் தேவையில்லை என்று ஓர் அதிகாரி உங்கள் ஆய்வை மேற்கோள் காட்டினால் அது அநியாயம். அதற்கு இடம் கொடுக்காத வகையில் வாக்கியத்தை எழுதுவது உங்கள் பொறுப்பு.

பி மதிப்பையே எடுத்துக்கொண்டாலும் மென்பொருள் அதை எப்படிக் கணக்கிட்டது என்று பாருங்கள். மேல்நிலையில் 18 அலகுகள் மட்டும் இருக்கும்போது சாதாரணப் பெருமாதிரிக் கணக்கு நம்பிக்கையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். ரெமல் (மாறுபாட்டைக் குறைத்து மதிப்பிடாமல் இருக்க உதவும் கணக்கு) முறையில் மதிப்பிட்டு, 1997இல் கென்வர்டும் ரோஜரும் தந்த திருத்தத்தையோ சாட்டர்த்வைட் திருத்தத்தையோ போடுங்கள். ஆர், ஸ்டேட்டா ஆகிய மென்பொருள்கள் இரண்டிலும் முடியும். எத்தனை இடங்கள் இருந்தால் போதும் என்பது அவ்வளவு உறுதியான விஷயம் அல்ல. மாஸ், ஹாக்ஸ் இருவரும் 2005இல் செய்த உருவகச் சோதனையில், மேல்நிலை அலகுகள் 50 அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்போது மேல்நிலை மாறுபாட்டின் திட்டப் பிழைகள் பிசகின. கெழுக்கள் மட்டும் சரியாகவே வந்தன. ஆகவே உங்கள் தூரக் கெழுவை நம்பலாம். ஐசிசி இத்தனை என்று நீங்கள் எழுதும் எண்ணைத் தளர்வாகவே பிடித்துக்கொள்ளுங்கள்.

வயது, எடை, மருந்து எடுக்கும் ஒழுங்கு போன்றவை ஆளுக்கு ஆள் மாறுபவை. அவற்றுக்கு இந்தத் தண்டனை அப்படியே பொருந்தாது. ஒரே தோட்டத்துக்குள் இளையவரையும் மூத்தவரையும் ஒப்பிட முடிவதால் சில சமயம் திட்டப் பிழை குறையக்கூடச் செய்யும். பல நிலைப் பகுப்பாய்வு எல்லா முடிவையும் பலவீனமாக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு வழி பிறக்கிறது. தூரம் எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. வீட்டில் மோட்டார் சைக்கிள் இருப்பவருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கால் மணி நேரம். இல்லாதவர், மகன் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் கிளினிக் மூடிவிடும். மோட்டார் உண்டா என்று நீங்கள் கேட்டிருந்தால், தூரத்தையும் மோட்டாரையும் சேர்த்து ஊடாட்டமாக மாதிரியில் போடுங்கள். மோட்டார் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான இடைவெளி தூரத் தோட்டங்களில் விரிகிறதா என்பதே அப்போது கேள்வி. ஒரே தோட்டத்து ஆட்களை ஒருவரோடொருவர் ஒப்பிடுவதால், அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் பொதுவானவை தாமாகவே கழிந்துவிடும். மோட்டாரின் விளைவு இடத்துக்கு இடம் மாற அனுமதித்தே இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய மிகைப்படுத்தல் பின்வாசல் வழியாக வந்துவிடும். இதைத் தரவைப் பார்த்த பிறகுதான் யோசித்தீர்கள் என்பதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். முதலிலேயே திட்டமிட்ட கேள்வி போலக் காட்டக்கூடாது.

வருமானத்தைச் சேர்த்திருந்தால் இன்னொரு விஷயம். ஓர் ஆளின் வருமானம் செய்யும் வேலையும், அவர் வாழும் இடத்தின் சராசரி வருமானம் செய்யும் வேலையும் வேறு வேறு. மாதம் 1,500 ரிங்கிட் சம்பாதிப்பவர் தோட்டத்தில் இருந்தால் ஒரு மாதிரி, வசதியான தாமானில் வாடகைக்கு இருந்தால் வேறு மாதிரி. ஆளின் வருமானத்திலிருந்து இடத்தின் சராசரியைக் கழித்து ஒரு மாறியாகவும், இடத்தின் சராசரியைத் தனி மாறியாகவும் போடுங்கள். இரண்டும் பிரிந்து தெரியும். பிரிக்காமல் போட்டால் வருவது இரண்டின் கலவை. அதற்குத் தெளிவான பொருள் சொல்ல முடியாது. இடங்களின் சராசரியில் காணும் தொடர்பை ஆட்கள்மேல் ஏற்றக்கூடாது என்பதை டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இலேயே காட்டிவிட்டார். 1930ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமதிப்புக் கணக்கில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவு, ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு; -1 முதல் 1 வரை) -0.526. ஆட்களாக எடுத்துப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறியாமை கொஞ்சம் அதிகம்; ஒட்டுறவு 0.118. குறியே தலைகீழ். குடியேறியவர்கள் ஏற்கெனவே படிப்பறிவு அதிகமுள்ள மாநிலங்களில் போய்த் தங்கினார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டில் இது வெறும் பாடநூல் விஷயம் அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களிடையே இனிப்பு நீர் 18.3 சதவீதம், இந்தியர்களிடையே 31.4 சதவீதம். இந்த எண்ணைக் கேட்டதும் "இந்தியர் என்றாலே அப்படித்தான்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. எண் உண்மை, அந்தப் பேச்சு எனக்கு வலிக்கிறது. அந்த 31.4க்குள் தோட்டத்தில் இருப்பவர், தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியேறியவர், இரண்டு தலைமுறையாக நகரத்தில் இருப்பவர் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு ஆளைச் சேர்ந்தது, எவ்வளவு இடத்தைச் சேர்ந்தது என்று கேட்பதற்கு உங்கள் ஆய்வு போன்றவை வேண்டும். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஐசிசி சிறியதாக வந்தால் இடம் முக்கியமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். 18 இடங்களிலும் கிளினிக் ஒரே நேரத்தில் மூடுகிறது, எல்லாக் கடையிலும் ஒரே வெள்ளை அரிசி என்றால், அவை எல்லோரையும் சமமாகப் பாதித்தாலும் இடங்களுக்கிடையே வித்தியாசமாகத் தெரியாது. எல்லோருக்கும் பொதுவான காரணம் ஒப்பீட்டில் மறைந்துவிடும் என்பதை நோய்ப்பரவலியலாளர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் அழுத்தமாக எடுத்துச் சொன்னார். பல நிலை மாதிரி வேறுபாட்டை மட்டுமே பார்க்கும்.

இதைவிடக் கடினமான சந்தேகம், காரண காரியம் பற்றியது. தோட்டத்தை விட்டுப் போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். பிள்ளைகள் படித்து தாமானில் வீடு வாங்கியதும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டார்கள். இன்று தூரத் தோட்டத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் போக வழியில்லாதவர்கள். ஆகவே அங்கே எச்பிஏ1சி அதிகமாக இருந்தால் அது தூரத்தின் வேலையா, யார் எஞ்சினார்கள் என்பதன் வேலையா? எத்தனை நிலைகள் போட்டாலும் மாதிரியால் இதைத் தீர்க்க முடியாது. வயது, படிப்பு, குடும்ப உதவி போன்றவற்றைச் சேர்த்தால் சந்தேகம் குறையும், போகாது. இடத்துக்கே சொந்தமாக விளைவு உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்று வேறு வகை ஆய்விலிருந்து வருகிறது. 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த பகுதிகளில் வாழ்ந்த 4,498 பெண்கள் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகைச் சீட்டு கிடைத்தது. 2011இல் வெளியான முடிவின்படி, எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களின் பங்கு அந்தக் குழுவில் 4.3 சதவீதப் புள்ளி குறைவு. யாருக்கு அந்தச் சீட்டு என்பதைக் குலுக்கல் தீர்மானித்ததால் அங்கே அந்தச் சந்தேகம் எழாது. அதை அப்படியே சுங்கை சிப்புட்டுக்குப் பொருத்த முடியாது; ஆனால் இடம் என்ற கேள்வி வீண் கேள்வியல்ல என்பதற்கு அது போதும்.

எச்பிஏ1சியைக் கட்டுக்குள் உள்ளது, இல்லை என்று இரண்டாக வெட்டி லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஆம், இல்லை என்ற விடைக்கான ரிக்ரஷன்) செய்யலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அளந்த தகவலில் பாதியைத் தூக்கி எறிவது போலாகும். மேற்பார்வையாளர் வற்புறுத்தினால் செய்யுங்கள், ஆனால் அங்கே கீழ்நிலை மாறுபாடு தரவிலிருந்து வருவதில்லை, 3.29 என்று வழக்கமாக நிலைநிறுத்தப்படுகிறது. இட மாறுபாடு 0.3 என்று வந்தால் ஐசிசி 8 சதவீதம். இதைவிட எளிதாகப் புரிவது லார்சன், மெர்லோ இருவரும் முன்வைத்த மீடியன் ஆட்ஸ் ரேஷியோ; 0.3க்கு அது 1.69. மற்ற எல்லாம் ஒன்றாக உள்ள இருவரை, தற்செயலாக எடுத்த இரண்டு இடங்களிலிருந்து ஒப்பிட்டால், மோசமான இடத்தில் இருப்பவரின் ஆட்ஸ் (சர்க்கரை கட்டுக்குள் இல்லாத வாய்ப்புக்கும் இருக்கும் வாய்ப்புக்கும் உள்ள விகிதம்) நடுவாந்தரமாக 1.69 மடங்கு. உங்கள் மற்ற ஆட்ஸ் ரேஷியோக்களுக்குப் பக்கத்தில் வைத்து இதைப் பார்க்கலாம்.

இடங்களைத் தரவரிசைப்படுத்தி எந்தத் தோட்டம் மோசம் என்று பட்டியல் போடும் ஆசை வரும். மாதிரி ஒவ்வோர் இடத்தின் சராசரியையும் மொத்தச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துத்தான் தரும். ஐசிசி 0.05 என்றால், 30 பேர் உள்ள இடத்தில் அதன் சொந்தத் தரவுக்கு 61 சதவீத மதிப்பு; ஆறு பேரோடு நின்றுபோன இடம் ஒன்று இருந்திருந்தால் அங்கே 24 சதவீதம்தான். இது நியாயமான இழுப்பு. ஆனாலும் 18 இடங்களை வரிசைப்படுத்தும் அளவுக்குத் துல்லியம் உங்களிடம் இல்லை. தோட்டத்தின் பெயரைப் போட்டுப் பட்டியல் வெளியிட்டால் அங்கே இருப்பவர்களுக்குத்தான் கெட்ட பெயர். தயவுசெய்து செய்யாதீர்கள்.

களப்பணிக்கு இன்னும் அனுமதியும் காசும் இருந்தால், இருக்கும் இடங்களில் ஆட்களைக் கூட்டாமல் இடங்களைக் கூட்டுங்கள். 36 இடங்களில் 15 பேர் என்று அதே 540 பேரை எடுத்திருந்தால், அதே ஐசிசியில் அவர்கள் 318 பேருக்குச் சமம். இப்போது இருப்பது 220. தூரமும் 18க்குப் பதில் 36 வெவ்வேறு மதிப்புகள் எடுக்கும், உங்கள் கேள்விக்கு அதுதான் தேவை. அலைச்சலும் செலவும் கூடும், அதை மறைக்கவில்லை. போகும்போது கேள்வித்தாளில், வீடு எங்கே என்பதோடு வேலை எங்கே, மருந்து வாங்குவது எந்தக் கிளினிக்கில் என்பதையும் கேளுங்கள். தாமானில் வீடு, செம்பனைத் தோட்டத்தில் வேலை, மகள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் மருந்து என்று வாழ்பவர்கள் இப்போது நிறைய. அவர்களை ஒரே இடத்தில் அடைக்காமல் வீடு, வேலை, கிளினிக் மூன்றையும் குறுக்கு வகைப்பாடாக (ஒருவரை ஒரே நேரத்தில் பல குழுக்களில் வைப்பது) மாதிரியில் சேர்க்க முடியும். மூன்று பத்திகளும் கோப்பில் இருந்தால் மட்டுமே.